கடல்வாழ் பேருயிர்கள்

மலைகளுள் உயர்ந்தது எது, ஆறுகளுள் நீண்டது எது, விலங்குகளுள் பெரியது எது என்று வினவாத சிறுவர் உலகில் இலர். நம் நாட்டுச் சிறுவர் கண்ணாற் கண்ட விலங்குகளுள் மிகப் பெரியது யானையே. கோயில் வாயிலில் நிற்கும் யானையின் அருகே சென்றதும் குழந்தை தாயின் முந்தானையைப் பற்றிக்கொள்கிறது. வளர்ந்தவரும் ஓர் அடி பின்வாங்கியே நிற்பர். ஆப்பிரிக்கக் களிறு நம் நாட்டுக் களிற்றினும் பெரியது. தோளளவில் 3 மீட்டருக்கு மேல் உயர்ந்து, 6 டன் எடையுள்ளதாய் வளர்வது. அக்கண்டத்திலேயே வாழும் ஒட்டைச்சிவிங்கி 5 மீட்டர் உயரத்தில் உள்ள தழையை நின்றவாறே மேய்கிறது. பறக்க இயலாத தீக்கோழி மனிதனினும் உயர்ந்து நிற்கிறது. இந்தோனேசிய நாட்டைச் சேர்ந்த கொமோடோ முதலிய தீவுகளில் வாழும் பேருடும்பு 3 மீட்டர் நீளம் வளர்ந்து, மானையும் வீழ்த்தி உண்கிறது. இவை தத்தம் இனத்துள் பெரியன. ஆயினும் இவை அனைத்தையும் ஒரு தட்டில் ஏற்றி நிறுத்தினாலும் எடையில் ஈடாகாத பேருயிர் ஒன்று கடலில் வாழ்கின்றது.

அதுவே திமிங்கிலம். இப்பெயரின் வரலாறு சுவையுடையது. திமி என்பது கடலில் வாழும் பெருமீன் ஒன்றிற்கு முன்னோர் இட்ட பெயர். அத்திமியை விழுங்குவது திமிங்கிலம். அத்திமிங்கிலத்தையும் விழுங்க வல்லது திமிங்கிலகிலம். விழுங்குதல் என்னும் பொருளுடைய வடசொல் இப்பெயர்களின் ஈற்றில் நின்று, ஒன்றனை ஒன்று விழுங்கும் வரிசையை உணர்த்துகின்றது. கடலின் ஆழத்தைக் கண்டறிய இயலாத காலத்தில், அதன் பெருமையைச் சொல்ல முன்னோர் மேற்கொண்ட வழி இது.

யான் ஆசிரியப் பணியில் இருந்தபோது ஒருநாள் இப்பெயர்களை விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, திமிங்கிலகிலத்தை விழுங்குவது எது?” என்றான். வகுப்பு முழுவதும் நகைத்தது. யானும் நகைத்து, “நூல் அவ்வளவில் நின்றுவிட்டது, நீ உட்கார்” என்று கூறிப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவ்வினாவிற்கு விடை உண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன். அதனை உரிய இடத்தில் கூறுவேன்.

திமிங்கிலங்களுள் பல வகை உண்டு. அவற்றுள் மிகப் பெரியது நீலத்திமிங்கிலம். நன்கு வளர்ந்த நீலத்திமிங்கிலம் 25 மீட்டர் முதல் 30 மீட்டர் வரை நீளமுள்ளது. நம் பள்ளிகளில் மூன்று வகுப்பறைகளை வரிசையாக வைத்தால் அந்நீளம் வரும். அதன் எடை 100 டன்னுக்கு மேற்பட்டு 150 டன் வரை செல்லும். இருபது ஆப்பிரிக்கக் களிறுகள் சேர்ந்தாலும் 120 டன்னே ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தில் திரிந்து மறைந்த டைனோசர்களுள் நீளத்தால் இதனை மிஞ்சியவை உண்டு. எடையால் இதனை மிஞ்சியதாக அளந்தறியப்பட்டது எதுவும் இல்லை.

வடிவத்தால் மீன்போல் தோன்றினும் திமிங்கிலம் மீன் அன்று. மீன் நீரிலேயே செவுளால் மூச்சுவிடும். திமிங்கிலத்திற்கோ நுரையீரல் உண்டு. மூச்சுவிட அது நீர்மேல் வந்தே ஆகவேண்டும். தலையின் உச்சியில் அமைந்த மூக்குத்துளைகள் வழியே அது விடும் மூச்சு, நீர்த்துளிகளோடு கலந்து தென்னை மரத்தின் உயரத்திற்கு ஆவித்தூணாய் எழும். மீனின் வால் செங்குத்தாய் நின்று பக்கவாட்டில் அசையும். திமிங்கிலத்தின் வால் கிடையாய் விரிந்து மேலும் கீழும் அசையும். அது குட்டி ஈன்று பால் கொடுத்து வளர்ப்பது. அதன் துடுப்பினுள் மனிதர் கையில் உள்ளவை போன்ற விரலெலும்புகள் உள்ளன. சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு ஒன்று வைக்கப்பட்டுள்ளது. அங்குச் செல்வோர் அதன் நீளத்தைக் கண்டு வியந்து, எலும்புகளின் அமைப்பை நோக்காமலே அப்பாற் சென்றுவிடுகின்றனர். ஒருமுறை நின்று துடுப்பெலும்பை நோக்குக. நிலத்தில் நடந்த விலங்கின் வழிவந்தது அது என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி அதன் உணவைக் காண்போம். பெருமீன்களை விழுங்குவது என்று பெயர் பெற்ற இவ்வுயிர், உண்மையில் எந்தப் பெருமீனையும் விழுங்குவதில்லை. மனிதன் ஒருவனைக்கூட விழுங்க இயலாத அளவிற்கு அதன் தொண்டை குறுகியது. அது விரும்பி உண்பது கிரில் எனப்படும் சிற்றுயிரை. நம் வீடுகளில் குழம்பு வைக்கும் சென்னாக்கூனியை நீங்கள் கண்டிருப்பீர்கள். கிரில் அதனை ஒத்த தோற்றமுடையது. சுண்டுவிரல் நீளமே உள்ளது. உலகிற் பெரிய உயிர் உலகிற் சிறிய உயிர்களுள் ஒன்றனை உண்டு வாழ்கிறது. பெயருக்கும் செயலுக்கும் இத்துணை முரண் உடைய விலங்கு வேறு இல்லை எனலாம்.

சுண்டுவிரல் அளவுள்ள இரையால் மலை போன்ற உடல் நிறைவது எவ்வாறு? நீலத்திமிங்கிலத்திற்குப் பல் இல்லை. மேல்தாடையின் இருபுறமும் பக்கத்திற்கு முந்நூறுக்குக் குறையாத தட்டுகள் சீப்பின் பற்களைப்போல் தொங்குகின்றன. அவை நம் நகம் எப்பொருளால் ஆயதோ அப்பொருளால் ஆயவை; உட்புற ஓரம் மயிர்போல் பிரிந்து சல்லடையாய் அமைந்தது. கீழ்த்தாடை முதல் வயிறு வரை தோல் மடிப்பு மடிப்பாக உள்ளது. கிரில் திரள் செறிந்த இடத்தைக் கண்டதும் திமிங்கிலம் விரைந்து பாய்ந்து வாயைத் திறக்கும். மடிப்புகள் விரிய, தொண்டை ஒரு பெருங்குளமே அடங்கினாற்போல் பருக்கும். பின்னர் வாயை மூடி, நீரைத் தட்டுகளின் வழியே வெளியே தள்ளும். நீர் நீங்க இரை தங்கும். சோற்றை வடிகட்டும் முறையே இது. பழைய நூல்கள் அது நாள்தோறும் 4 டன் இரை உண்ணும் என்றன. 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி, வட பசிபிக் கடலின் கிழக்குப் பகுதியில் இரை மிகுந்த பருவத்தில் நீலத்திமிங்கிலம் ஒரு நாளில் ஏறக்குறைய 16 டன் உண்கின்றது என்று கண்டது. அப்பருவத்தில் உண்டதைக் கொழுப்பாகச் சேர்த்து வைத்து, இரையில்லாப் பருவத்தை அக்கொழுப்பைக் கொண்டே கழிக்கின்றது.

இப்பேருடலுக்குக் குருதி செலுத்தும் இதயத்தைப் பற்றிப் பல மிகைக்கூற்றுகள் வழங்குகின்றன. அது ஒரு மோட்டார் வண்டி அளவு பெரியது என்றும், அதன் குருதிக் குழாயுள் குழந்தை தவழ்ந்து செல்லலாம் என்றும் கூறுவர். யானும் பல ஆண்டுகள் மாணவர்க்கு அவ்வாறே கூறியவன். அதனை இவ்விடத்தில் திருத்திக்கொள்கிறேன். 2014-ஆம் ஆண்டில் கானடா நாட்டின் கிழக்குக் கரையில் ஒதுங்கிய நீலத்திமிங்கிலம் ஒன்றின் இதயத்தை அறிஞர் எடுத்துப் பதப்படுத்தி, டொராண்டோ நகர அருங்காட்சியகத்தில் வைத்தனர். அதன் எடை 180 கிலோகிராம் அளவே இருந்தது. மூன்று ஆட்கள் எடை. உண்மை இவ்வளவே ஆயினும் வியப்பிற்குக் குறைவில்லை. அவ்விதயம் துடிக்கும் முறையை அறிந்தால் அது விளங்கும். கலிபோர்னியக் கரையை அடுத்த கடலில், உறிஞ்சி ஒட்டும் கிண்ணங்கள் கொண்ட சிறு கருவியை ஒரு நீலத்திமிங்கிலத்தின் மேல் ஒட்டி, அதன் இதயத் துடிப்பை அளந்த அறிஞர்கள் 2019-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். நீர்மேல் வந்து மூச்சுவிடும்போது அது மணித்துளிக்கு 25 முதல் 37 முறை துடித்தது. ஆழத்தில் மூழ்கியபோது நான்கு முதல் எட்டு முறையாகக் குறைந்தது. சில வேளை இரண்டே முறை துடித்தது. நம் இதயம் எழுபது முறை துடிக்கும் நேரத்தில் இரண்டு முறை!

இத்துணைப் பெரிய உயிர் நிலத்தில் தோன்றாமல் கடலில் தோன்றியது ஏன் என்னும் வினா எழலாம். இதற்கு விடை காண முயன்றவர் இத்தாலி நாட்டு அறிஞர் கலிலியோ. 1638-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அவர் இப்பொருளை ஆராய்ந்தார். அவர் கருத்தை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஒரு முழப் பக்கமுள்ள கல்லையும் இரண்டு முழப் பக்கமுள்ள கல்லையும் எடுத்துக்கொள்க. இரண்டாவதன் பக்கம் இரு மடங்கு. அடிப்பரப்பு நான்கு மடங்கு. எடையோ எட்டு மடங்கு. விலங்கும் இவ்வாறே. உடல் எல்லாப் பக்கமும் இரு மடங்கு வளருமானால் எடை எட்டு மடங்காகும். அதனைத் தாங்கும் காலெலும்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்கே ஆகும். ஆதலின் பெரிய விலங்கின் கால் அளவுக்கு மேல் தடித்தல் வேண்டும். மானின் கால் மெலிந்தும் யானையின் கால் தூண்போலும் இருத்தற்குக் காரணம் இதுவே. இவ்வாறு தடித்துக்கொண்டே போனால் ஓர் எல்லைக்கு அப்பால் கால் இருக்கும், நடை இராது. கடலிலோ உடலின் சுமையை நீர் தாங்கிக்கொள்கிறது. கிணற்றுள் மூழ்கிய குடம் இலேசாய் இருந்து, நீரைவிட்டு மேலே வந்ததும் கனத்தலை நாம் அறிவோம் அன்றோ?

அந்நீரே நீங்குமானால் அவ்வுடலே அவ்வுயிர்க்குப் பகையாகும். கரையில் ஒதுங்கிய பெருந்திமிங்கிலம், மூச்சுவிடக் காற்று சூழ்ந்திருந்தும் இறந்துபடுகிறது. தன் சுமை தன் நுரையீரலையே அழுத்துகிறது. குளிர்கடலுக்கு உரிய கொழுப்புப் போர்வை வெயிலில் உடலை வேகச் செய்கிறது.

நீர் தாங்குவதனால் மட்டும் உடல் பெருத்துவிடாது. உண்ண இரையும் வேண்டும். திமிங்கில இனம் பல கோடி ஆண்டுகளாகக் கடலில் வாழ்ந்துவரினும், அவற்றுள் இத்தகைய பேருடல் தோன்றியது அண்மையிலேதான் என்று 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி கூறுகின்றது. அண்மை என்றது உலக வரலாற்றுக் கணக்கில். நம் கணக்கில் அது முப்பது, நாற்பது இலட்சம் ஆண்டு. உலகம் குளிர்ந்து, துருவங்களில் பனி மிகுந்து, கடலடியின் சத்து நிறைந்த நீர் சிற்சில இடங்களில் மேலெழுந்தது. அவ்விடங்களில் கிரில் பெருந்திரளாய்ப் பெருகியது. ஓரிடத்தில் வயிறார உண்டு, நெடுந்தூரம் பட்டினியோடு நீந்தி, மற்றோரிடம் சேரவேண்டிய வாழ்க்கைக்குப் பெரிய உடலே ஏற்றதாயிற்று.

யானையின் இளமைக்குக் கன்று என்னும் பெயர் உரியது என்பது தொல்காப்பிய மரபு. யானையினும் பெரிய இதன் பிள்ளையையும் கன்று என்றே வழங்குவோம். நீலத்திமிங்கிலம் ஓராண்டளவு கருவுற்றிருந்து ஒரு கன்றை ஈனும். பிறக்கும்போதே அக்கன்று 7 மீட்டர் நீளமும் ஏறக்குறைய 3 டன் எடையும் உடையது. தாயின் பாலை உண்டு நாளொன்றுக்கு 90 கிலோகிராம் அளவு எடை கூடுகிறது. ஆறேழு திங்களில் பால் மறக்கிறது. அடுத்த கன்று பிறக்க இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் ஆகும். அக்கன்று தானும் தாயாக ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் செல்லும். இவ்வெண்களை மாணவர் நினைவில் இருத்தல் வேண்டும். எலி ஓராண்டில் பல முறை ஈன்று இழப்பை ஈடுசெய்யும். பேருடல் உயிர்க்கு அவ்வசதி இல்லை. பகையில்லாக் கடலில் நெடுநாள் வாழ்ந்து, அரிதாய் ஈன்று, இனத்தைக் காத்துவந்தது அது. அவ்வாழ்க்கைமுறை பகைவன் ஒருவன் தோன்றும் வரையில்தான் நிலைக்கும். பகைவன் தோன்றினால் நிகழ்வது யாது என்பதை, திமிங்கிலம் அல்லாத வேறொரு பேருயிரின் வாழ்க்கை முதலில் காட்டிற்று.

1741-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ருசிய அரசால் அனுப்பப்பட்ட பெரிங் என்னும் கடலோடியின் கப்பல், ஆசியாவின் வடகிழக்குக் கோடிக்கு அப்பால் ஆளில்லாத் தீவொன்றில் ஒதுங்கி உடைந்தது. பெரிங் அங்கேயே அடுத்த திங்களில் இறந்தார். அவர் பெயரையே அத்தீவு இன்றும் தாங்கியுள்ளது. கப்பலில் வந்தவருள் ஸ்டெல்லர் என்னும் செருமானிய இயற்கை அறிஞர் ஒருவர் இருந்தார். கரையோரக் கடலில் கவிழ்ந்த தோணிகள் போன்ற முதுகுகள் மிதப்பதை அவர் கண்டார். அவை கடற்பசுக்கள். நம் பாக்கு நீரிணைப் பகுதியில் மீனவர் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு அவற்றுக்கு உறவுடையது. நம் ஆவுளியா 3 மீட்டர் அளவே வளரும். அத்தீவின் கடற்பசுவோ 8 மீட்டர் வரை வளர்ந்து, யானையினும் மிகுந்த எடை உடையதாய் இருந்தது. ஆழத்தில் மூழ்கும் ஆற்றல் அதற்கில்லை. கரையோரக் கடற்பாசியை நாள்முழுதும் மேய்ந்துகொண்டிருக்கும். மனிதனைக் கண்டு அஞ்சும் பழக்கமும் அதற்கில்லை. அஞ்சுதற்குக் காரணம் அதுவரை நேர்ந்ததில்லை.

பசியால் வாடிய மாலுமிகள் இரும்புக் கொக்கியை எறிந்து கடற்பசுவைக் கரைக்கு இழுத்தனர். அதன் ஊன் மாட்டிறைச்சியை ஒத்தது. கொழுப்பு வாதுமை எண்ணெய்போல் இனித்தது. ஒன்றைக் கொக்கியால் பற்றியதும் ஏனையவை ஓடிப்போகாமல் அதனைச் சூழ்ந்துகொண்டு விடுவிக்க முயன்றன என்று ஸ்டெல்லர் எழுதியுள்ளார். துணையைப் பறிகொடுத்த ஆண் ஒன்று, அது இறந்து கிடந்த கரையை அடுத்தடுத்து இரண்டு நாள் நாடி வந்தது என்றும் குறித்துள்ளார். அவ்வூனை உண்டு வலிமை பெற்ற மாலுமிகள், உடைந்த கப்பலின் மரத்தால் சிறு கப்பல் கட்டி 1742-இல் ஊர் திரும்பினர். அவர்கள் கொண்டுவந்த நீர்நாய்த் தோல்களின் விலையைக் கேள்வியுற்ற வேட்டைக்காரர், ஆண்டுதோறும் அத்தீவை நாடினர். வழியில் உண்ண ஊன் வேண்டிக் கடற்பசுவைக் கொன்றனர். ஸ்டெல்லர் 1746-இல் இறந்தார். கடற்பசுவைப் பற்றிய அவர் நூல் 1751-இல் வெளிவந்தது. 1768-ஆம் ஆண்டிற்குப் பின் அவ்வினத்துள் ஒன்றையும் எவரும் கண்டிலர். அறிஞர் ஒருவர் கண்டு எழுதிய நாள் முதல் அற்றொழிந்த நாள் வரை இருபத்தேழு ஆண்டுகள். உயிரோடு அதனைக் கண்டு எழுதிய இயற்கை அறிஞர் ஸ்டெல்லர் ஒருவரே.

நீலத்திமிங்கிலத்திற்கு அந்நிலை அப்போது நேராததற்குக் காரணம் அதன் விரைவு. நம் பழந்தமிழ்ப் பரதவர் கயிறு பூட்டிய எறியுளியால் கோட்டுமீனை எறிந்து பிடித்தனர் என்று சங்கப் பாடல்களால் அறிகிறோம். ஐரோப்பியரும் அமெரிக்கரும் துடுப்புப் படகில் சென்று அத்தகைய கருவியாலேயே மெல்ல நீந்தும் திமிங்கிலங்களை வேட்டையாடினர். நீலத்திமிங்கிலமோ துடுப்புப் படகை எளிதில் கடந்துபோகும். கொன்றாலும் நீரில் அமிழ்ந்துவிடும். ஆதலின் வேட்டைக்காரர் அதனைத் தொலைவில் கண்டு பெருமூச்சு விட்டதோடு சரி. அந்நிலையை மாற்றியவர் நார்வே நாட்டினராகிய ஸ்வென்ட் போய்ன் என்பவர். 1860-களில் அவர் நீராவிக் கப்பலின் முகப்பில் பீரங்கி ஒன்றைப் பொருத்தி, அதிலிருந்து எறியுளியைச் செலுத்தும் முறையைக் கண்டார். அவ்வுளியின் நுனியில் வெடிகுண்டு இருந்தது. உடலினுள் பாய்ந்தபின் வெடிப்பது. கொன்ற உடலுள் காற்றை ஏற்றி மிதக்கவிடும் முறையும் பின்னர் வந்தது.

எதற்காக இவ்வேட்டை? எண்ணெய்க்காக. திமிங்கிலக் கொழுப்பை உருக்கி எடுத்த எண்ணெய் முதலில் விளக்கெரிக்கப் பயன்பட்டது. மண்ணெண்ணெயும் மின்விளக்கும் வந்தபின் சவர்க்காரத்திற்கும், ரொட்டியில் தடவும் செயற்கை வெண்ணெய்க்கும், போர்க்காலத்தில் வெடிமருந்திற்கும் பயன்பட்டது. வடகடலில் திமிங்கிலம் அருகவே வேட்டைக்காரர் தென்துருவக் கடலை நாடினர். 1904-ஆம் ஆண்டில் தெற்கு ஜார்ஜியா என்னும் தீவில், கிரித்விக்கன் என்ற இடத்தில் முதல் வேட்டைத் துறை அமைந்தது. அங்குக் கொன்ற உடலைக் கரைக்கு இழுத்துவர வேண்டியிருந்தது. 1925-இல் அத்தொல்லையும் தீர்ந்தது. பின்புறத்தில் அகன்ற வாயும் அதனுள் ஏறும் சாய்தளமும் உடைய பெருங்கப்பல்கள் வந்தன. நடுக்கடலிலேயே திமிங்கிலத்தின் முழு உடலையும் அவ்வாயின் வழியே உள்ளே இழுத்து, அறுத்து, உருக்கி, எண்ணெயாக்கி, எஞ்சியதைக் கடலில் தள்ளின. இச்செய்தியைப் படித்த அன்று அம்மாணவன் முகமே என் கண்முன் நின்றது. திமிங்கிலகிலத்தையும் விழுங்குவது எது என்று வினவினான் அல்லவா? விழுங்கும் வாய் ஒன்றை மனிதன் இரும்பால் செய்திருந்தான்.

1930-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கி 1931-இல் முடிந்த ஒரே வேட்டைப் பருவத்தில், தென்துருவக் கடலில் 29,000-க்கும் மேற்பட்ட நீலத்திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. எண்ணெய் விலைபோகாமல் தேங்கியது. அடுத்த பருவத்தில் நார்வே நாட்டுக் கப்பல்கள் துறைமுகத்தில் வாளா கிடந்தன. காரணம் இரக்கமன்று, விலைவீழ்ச்சி. பின்னர்க் கட்டுப்பாடுகள் வந்தன. அவற்றின் கணக்குமுறை விந்தையானது. ஒரு நீலத்திமிங்கிலம் ஓர் அலகு. அதனிற் சிறிய துடுப்புத்திமிங்கிலம் இரண்டு சேர்ந்து ஓர் அலகு. வேறொரு வகையில் ஆறு சேர்ந்தால் ஓர் அலகு. ஆண்டிற்கு இத்தனை அலகு எண்ணெய் என்று வரையறுத்தனரே அன்றி, எந்த இனத்தில் எத்தனை கொல்லலாம் என்று வரையறுத்திலர். ஒரு குண்டில் ஓர் அலகு கிடைக்குமாயின் இரண்டு குண்டை எவர் செலவிடுவர்? எஞ்சியிருந்த நீலத்திமிங்கிலங்களைத் தேடித்தேடிக் கொல்லவே அக்கணக்கு வழிசெய்தது. 1946-இல் வாஷிங்டன் நகரில் கையொப்பமான உடன்படிக்கையின்படி அமைந்த பன்னாட்டுத் திமிங்கிலக் குழுவும் அக்கணக்கையே 1972 வரை கையாண்டது.

அக்குழு 1966-ஆம் ஆண்டில் நீலத்திமிங்கிலத்தைக் கொல்லலாகாது என்று முற்றும் விலக்கியது. அதன் பின்னரும் சோவியத் நாட்டுக் கப்பல்கள் மறைவாக வேட்டையாடின. பொய்க்கணக்கையே குழுவிற்கு அனுப்பின. தென்கடல்களில் தாம் கொன்ற கூனல் திமிங்கிலம் 2,710 என்று அந்நாடு அறிவித்திருந்தது. உண்மையில் கொன்றவை 48,000-க்கு மேல். சோவியத் ஒன்றியம் கலைந்தபின், 1993-ஆம் ஆண்டில் ருசிய அறிஞர் யாப்லோகோவ் இதனை உலகிற்கு வெளிப்படுத்தினார். மெய்க்கணக்கு எழுதிய ஏடுகளை எரித்துவிடுமாறு ஆணை பிறந்திருந்தது. கப்பலில் பணியாற்றிய அறிவியலார் ஒருவர் அவ்வாணையை மீறி, அவற்றைத் தம் வீட்டு உருளைக்கிழங்கு நிலவறையில் ஒளித்து வைத்துக் காத்தார். செல்லுக்கும் தீக்கும் இரையாக இருந்த ஏட்டுச்சுவடிகளை ஊர் ஊராய்த் தேடிக் காத்த சான்றோரை உடைய நமக்கு, அச்செயலின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

வேட்டைக்கு முன் தென்துருவக் கடலில் மட்டும் இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட நீலத்திமிங்கிலங்கள் வாழ்ந்தன என்று கணித்துள்ளனர். 1970-களின் தொடக்கத்தில் அங்கு எஞ்சியவை ஏறக்குறைய 360. பரந்த அக்கடலில் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று காண்பதே அரிது. அவற்றிற்கு உற்ற துணையாய் நின்றது அவற்றின் குரல் ஒன்றே. மனிதர் செவிக்கு எட்டாத அளவிற்குத் தாழ்ந்த அக்குரல், நீரினுள் பல நூறு கிலோமீட்டர் தொலைவு செல்ல வல்லது. மெல்ல மெல்ல அவ்வினம் பெருகத் தொடங்கியது. 1998-ஆம் ஆண்டளவில் அங்கு இரண்டாயிரத்திற்குச் சற்று மேற்பட்டவை இருந்தன. ஊனும் கொழுப்பும் அறுக்கப்பட்ட தெற்கு ஜார்ஜியாக் கடலிலோ, 1998 முதல் 2018 வரை நடந்த தேடல்களில் கண்ணிற்பட்டது ஒன்றே ஒன்று. 2020-ஆம் ஆண்டில் அங்குச் சென்ற அறிஞர்கள் ஐம்பதுக்கு மேற்பட்ட முறை நீலத்திமிங்கிலத்தைக் கண்டு திரும்பினர். துறைமுகத்தில் துருப்பிடித்த உருக்குக்கலங்கள் கிடக்க, வெளிக்கடலில் மீண்டும் ஆவித்தூண் எழுந்தது.

இப்பேருயிரைக் காணத் தென்துருவம் வரை செல்லவேண்டுவதில்லை. நீலத்திமிங்கிலத்துள் உருவிற் சற்றுச் சிறிய வகையொன்று இலங்கைக் கடலில் வாழ்கிறது. திருகோணமலைக்கு அப்பாலும், தெற்கே மிரிசைக் கரைக்கு அப்பாலும் படகில் சென்று அதனைக் காணலாம். கரையை அடுத்தே கடல் திடீரென ஆழமாகும் இடங்கள் அவை. இரை அங்கு மிகுதி. ஏனைக் கடல்களில் வாழ்வன போல் நெடுந்தூரம் வலசை போகாமல், இவற்றுள் பல ஆண்டு முழுவதும் அப்பகுதியிலேயே தங்குகின்றன.

ஆயின் இலங்கையின் தென்கோடியாகிய தேவேந்திரமுனையை ஒட்டியே, கீழ்நாடுகளையும் மேல்நாடுகளையும் இணைக்கும் பெருங்கப்பல் வழியும் செல்கின்றது. உலகில் நெருக்கம் மிகுந்த கடல்வழிகளுள் அது ஒன்று. திமிங்கிலம் மேலெழுந்து மூச்சுவிடும் இடமும், முந்நூறு, நானூறு மீட்டர் நீளக் கப்பல்கள் இரவு பகலாய் ஓடும் இடமும் ஒன்றாய் அமைந்துவிட்டன. அக்கப்பல்களின் முன் நீலத்திமிங்கிலமும் சிறிது. மோதியதைக் கப்பலில் உள்ளோர் அறியாமலே போவதும் உண்டு. துறைமுகத்தை அடைந்தபின், முகப்பில் குறுக்கே மாட்டிக்கொண்டு வந்த உடலைக் கண்டு அறிந்ததும் உண்டு. கப்பல் வழியைச் சிறிது தெற்கே தள்ளினால் இடர் பெரிதும் நீங்கும் என்று ஆய்ந்தோர் பல ஆண்டுகளாகக் கூறிவந்தனர். 2022-ஆம் ஆண்டில் பெரிய சரக்குக் கப்பல் நிறுவனம் ஒன்று, தன் கப்பல்கள் அவ்விடத்தில் தெற்கே விலகிச் செல்லவேண்டும் என்று பணித்தது. அவ்வாறு விலகுவதால் கூடும் தொலைவு, ஒரு கப்பலின் நெடும்பயணத்தில் சில நாழிகைக்கு மேற்படாது.